நிறுத்துற எடம்

அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கறது மூளைப் படம்தானுங்களே? அதான் எட்டிப் பாத்தேன், தப்பா நெனைக்காதீங்க. வாத்தியாருங்களா? காலேஜுங்களா, நல்லதுங்க. அந்தப் படத்துல முன்னால, நெத்திக்கு நேரா இருக்குது பாருங்க, ஆமா, அங்கதானுங்க. அந்த எடத்துலதான் எங்க குடும்பம் ஒடைஞ்சுது.

நானு ஈரோட்டுல எறங்கித் திருச்செங்கோடு வண்டி புடிக்கோணும். பேரு அர்த்தநாரி. பெருந்துறையில ஏறுனதைப் பாத்திருப்பீங்களே. எங்கூட்டுக்காரி அங்கதான் இருக்கறா. இருக்கறான்னா, என்கூட இல்லைங்க. போயிப் பாத்துட்டு வர்றேன்.

ஒரு ஞாயம் சொல்லுங்க. கட்டுன பொண்டாட்டி கைய அம்மிக் கொழவியில நசுக்குனவன் ஒருத்தன். மூணு வெரலு போச்சு அவளுக்கு. அவனுக்கு வாரம் தவறாம கோழிக்கொழம்பு போவுது, மிச்சமிருக்கற வெரல்ல செஞ்சு. இன்னொருத்தன் என்னமோ கோவத்துல எப்பவாச்சும் ரெண்டு சாத்துச் சாத்துனவன். அவன் போனா வாங்கன்னு ஒரு சொல்லு இல்லை. இது ஞாயமுங்களா? மொத ஆளு என் தம்பி. ரெண்டாவது ஆளு நானுங்க.

எங்களுக்குத் தோட்டங்கள்ல தண்ணிக்குப் போர் போடற தொழிலு. ரிக்கு வண்டியும் கம்பிரசர் வண்டியும் சொந்தமா இருந்துச்சு. நானும் தம்பியுந்தான் பாத்துக்கிட்டோம். அவன் பேரு கொழந்தவேலு. பேருக்கேத்த ஆளு. குழி போடற எடத்துல எறும்புப் புத்து இருந்துச்சுன்னா தோட்டத்துக்காரருகிட்டப் போயி, "ஏனுங்க, நாலடி தள்ளிப் போட்டுக்கலாங்களா"ம்பான். அவரு சிரிப்பாரு, "நீரோட்டம் பாத்துப் புள்ளி வெச்சிருக்குது, எறும்பைப் பாக்கறியேப்பா"ன்னு. எனக்கு மானம் போவும். பத்துப் பேரு பாக்கப் பொடனியில ஒண்ணு வெப்பேன். "சரீங்கண்ணா"ம்பான். கலியாணமாயி, புள்ளை பள்ளிக்கோடம் போற வயசுலயும் பொடனியத் தடவிக்கிட்டு "சரீங்கண்ணா"ம்பான். அந்த மாதிரித் தம்பி யாருக்குங்க வாய்க்கும்?

கர்நாடகாவுல ஒரு பாக்குத் தோப்பு. பொழுது உச்சிக்கு வந்திருச்சு. ராடு மாத்தறப்பக் கொக்கி நழுவிப்போச்சுங்க. மேல தொங்குன இரும்பு ராடு ஊஞ்சலாட்டம் ஒரு வீச்சு வீசுச்சு. தம்பிக்குப் பக்கத்துல ஒரு ஆளு பராக்குப் பாத்துட்டு நின்னான். அவனை எட்டித் தள்ளி உட்டுட்டு இவன் நிமிந்தான். நெத்தியிலயே வாங்குனான். கோயில்ல தேங்காய் ஒடைக்கற சத்தம் கேட்டிருப்பீங்களே, அதேதான். அப்பறம் மண்ணெல்லாம் ரத்தம். ஹெல்மெட்டு வண்டிக் கண்ணாடியில தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. அதை மாட்டிக்கிட்டு அவன் மாடு மாதிரி மெதுவா வேலை செய்யறான்னு நான்தான் கழட்டி வெக்கச் சொன்னேன். வேலை வெரசா ஆவோணுமில்லைங்க. தலையெழுத்துன்னு இருந்தா ஹெல்மெட்டு என்ன பண்ணும்?

பொழைக்க மாட்டான்னாங்க. பொழைச்சுக்கிட்டான். நெத்தி எலும்பை எடுத்து, ரத்தத்தை எடுத்து, மறுபடி மூடித் தெச்சு அனுப்புனாங்க. ஊட்டுக்கு வந்தவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. எந்தத் தோட்டத்துல எத்தனை அடியில தண்ணி வந்துச்சுன்னு கேட்டாச் சொன்னான். நடை சரி, பேச்சு சரி, கணக்கு சரி. ஆளுதான் சரியில்லைங்க.

மொதல்ல எங்க பெரியப்பா எழவுலதான் தெரிஞ்சுது. சனம் அழுதுட்டு இருக்குது, இவன் பொணத்தைப் பாத்து, "வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கறதைப் பாரு, கெண்டை மீனு மாதிரி"ன்னு சிரிக்கறான். சிரிப்புன்னா அடக்க முடியாத சிரிப்பு. நான் போயி வழக்கம்போலப் பொடனியில ஒண்ணு வெச்சேன். "சரீங்கண்ணா"ன்னு சொல்லுவான்னு பாத்தா, "டேய் அர்த்தநாரி"ன்னு என் கையப் புடிச்சுக் கடிச்சுப்போட்டானுங்க. பெரியவங்க நாலு பேரு தாடையப் புடிச்சுப் பிரிச்சு உட வேண்டியதாப் போச்சு. இங்க பாருங்க, பல்லுத் தடம். அவ்வளவு ஆழம்.

அப்பறம் அவன் வளத்த நாயி. அவன் சோறு திங்கறப்ப அது வாசல்ல நின்னு குலைச்சுது. கஞ்சி கேக்கற குலைப்புத்தான், தெனமும் குலைக்கறதுதான். எந்திரிச்சுப் போனான், கடப்பாறைய எடுத்தான், ஒரே போடு. அது சாவலை. கத்திக்கிட்டே வாசல்ல சுத்துச்சு. மறுபடி மறுபடி போட்டான். அவன் பொண்ணு இளமதி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. கையக் கழுவாம வந்து ஒக்காந்து மிச்சச் சோத்தைத் தின்னான். அழுவான்னு நாங்க நெனச்சோம். "குலைச்சுது"ன்னான், அவ்வளவுதான். அவன் பொண்டாட்டி வளர்மதி கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தா.

அடுத்து வளர்மதிதான். காப்பி சூடில்லைன்னா டம்ளரை மூஞ்சியில எறிவான். குளிக்கச் சொன்னா முடியப் புடிச்சுச் செவுத்துல மோதுவான். ரெண்டு நிமிசத்துல, "ஏ வளரு, முட்டை வாங்கியா"ம்பான், ஒண்ணும் நடக்காத மாதிரி.

அடிச்சாத் திருந்துவான்னு நானும் பாத்தனுங்க. ஒரு நாளு வண்டிச் சக்கரத்தோட சேத்துக் கட்டி, பழைய ஃபேன் பெல்ட்டால உரிச்செடுத்தேன். முதுகுல தோலு பாளம் பாளமாப் பிரிஞ்சுது. அவன் கத்தலை, என்னையவே பாத்துச் சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பாத்து இன்னும் அடிச்சேன். எங்கூட்டுக்காரி துளசிமணி, "அய்யோ, தலையில அடிபட்டவருங்க, உட்ருங்க"ன்னு குறுக்க உழுந்தா. அவளுக்கும் நாலு விழுந்துச்சு. குறுக்க வந்தா விழத்தானுங்க செய்யும்?

அதுக்கப்பறம் யாரோ சொல்லிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனோம். மூளை டாக்டரு, பொம்பளை. ரிஸ்வானான்னு பேரு. நானு, தம்பி, பொம்பளைக ரெண்டு பேருன்னு நாலு பேருமே உள்ள போனோம். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல மாட்டிக் காட்டுனாங்க. நீங்க வெரலை வெச்சீங்களே அதே எடம். நெத்திக்குப் பின்னால, கண்ணுக்கு மேல. எலுமிச்சம்பழம் அத்தனை பெருசுக்குக் கறுப்பு.

"இது செத்துப்போன எடம்"னாங்க. "கோவம் எல்லாருக்கும் வரும். அது மூளைக்குள்ள ஆழத்துல இருந்து கெளம்பி வரும். வர்ற கோவத்தை, இப்ப வேண்டாம், இங்க வேண்டாம், இவங்ககிட்ட வேண்டாம்னு நிறுத்தறதுல இந்த எடத்துக்குப் பெரிய பங்கு. இது போனா, கோவம் வந்த வேகத்துலயே கைக்குப் போயிரும். அடுத்தவங்க வலியப் பாத்து நமக்கு ஒரு பதற்றம் வருமில்ல, அதுவும் கொறைஞ்சு போயிரும்."

எனக்கு அது நெம்பப் பிடிச்சுப்போச்சுங்க. வண்டி ஓட்டறவனுக்குச் சட்டுன்னு புரியற பேச்சு. பிரேக்கு போன லாரியத் திட்டி என்ன பண்றது? இருந்தாலும் ஒரு சந்தேகம் கேட்டேன்: "அப்ப மனசுன்னு சொல்றமே, அது எங்கீங்க இருக்குது? நெஞ்சுல இல்லீங்களா?"

"நெஞ்சுல இருக்கறது ரத்தத்தை இறைக்கற மோட்டாருங்க. மனசுன்னு நீங்க சொல்றது மூளை செய்யற வேலை. மூளையில ஒரு எடம் கெட்டுப்போனா மனசுல ஒரு பக்கம் மாறிப்போவுது. இவரு மாதிரி ஆளுங்களைப் பாத்துப் பாத்துத்தான் அதைக் கத்துக்கிட்டோம். அதுவரைக்கும் எங்களுக்கு உறுதி. ஆனா இத்தனூண்டு சதைக்குள்ள ஓடற துளி மின்சாரம் எப்படிப் பாசமாவுது, எப்படி 'நான்'னு ஒண்ணு உண்டாவுதுன்னு கேட்டா, இன்னும் முழுசாத் தெரியலை. தேடிக்கிட்டுத்தான் இருக்கறோம்."

தெரியலைன்னு ஒரு டாக்டரு சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன்.

வளர்மதி அதுவரைக்கும் தலையக் குனிஞ்சு ஒக்காந்திருந்தா. திடுக்குன்னு கேட்டா: "அப்ப எங்கூட்டுக்காரரு எங்கீங்க போனாரு? பழைய ஆளு உள்ளதான் எங்கியாச்சும் இருக்காருங்களா?"

டாக்டரம்மா எந்திரிச்சு வந்து அவ தோள்ல கைய வெச்சாங்க. "அந்த எடமும் சேந்துதாம்மா அந்த ஆளு. பாதி ஆளு உள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்காருன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

வளர்மதி முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிட்டா. தம்பி அவளைப் பாக்கவேயில்லை. மேசை மேல இருந்த பேனா மூடியக் கடிச்சுக்கிட்டு இருந்தான்.

அப்பறம் டாக்டரம்மா என்னையப் பாத்துச் சொன்னாங்க: "இவரு வேணும்னு செய்யலை. ஆனா அதுக்காக இவங்க அடி வாங்கிட்டே இருக்கோணும்னு அர்த்தமில்லை. மாத்திரை தர்றேன். கொஞ்சம் கட்டுப்படும். ஆனா இவங்களையும் கொழந்தையையும் தனியா வைங்க. இவரைப் பாத்துக்கறதுக்கு விடுதி இருக்குது, பழக்கப்பட்ட ஆளுங்க இருக்காங்க."

எங்க குடும்பத்துல அந்த வழக்கமில்லைன்னு சொல்லிட்டேன். விடுதியில உடறதுக்கு அவன் என்ன அனாதையா? கட்டுனவ எதுக்கு இருக்கறா? அவளும் ஒரு தடவை, "மாமா, புள்ளையக் கூட்டிட்டு எங்கம்மா ஊட்டுல கொஞ்ச நாளு இருக்கட்டுங்களா"ன்னு கேட்டா. "வாசப்படி தாண்டுனா காலை ஒடிப்பேன்"னேன். சொன்னா அதோட அடங்குமில்லைங்க.

ஆனா ஆறுதலும் நான்தான் சொன்னேன். அதையும் சொல்லோணும். அவ அடி வாங்கிட்டு ஒதடு வீங்கி மூலையில கெடப்பா. போயி ஒக்காந்து எடுத்துச் சொல்லுவேன்: "அம்மிணி, அடிச்சது என் தம்பியில்லை. அந்தக் கறுப்பு. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டீல்ல? அவனை வெறுக்காத."

"அவரை வெறுக்கலைங்க மாமா"ம்பா. "பயமா இருக்குதுங்க."

துளசிமணி அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பா. ஒருக்கா நான் இப்பிடிப் புத்திமதி சொல்லிட்டுப் போயிச் சாப்பிட ஒக்காந்தேன். ரசம் ஆறிப்போயிருந்துச்சு. சட்டியோட அவ மேல வீசுனேன். சட்டி காலுல பட்டு நகம் பேந்துருச்சு. அவ என்ன பண்ணுனா தெரியுங்களா, ரத்தத்தைத் தொடைக்காம என்னையவே பாத்துக்கிட்டு நின்னா, ஏதோ யோசிக்கற மாதிரி. அதுக்கும் ஒண்ணு குடுத்தேன். மொறைக்கறாளேன்னுதான். அது வேற விசயம், அதை உடுங்க.

வளர்மதி வெரலு போன அந்த ஞாயித்துக்கெழமைக்கு வர்றேன். நான் வாசல்ல ஹோஸுக்குக் கிளாம்பு மாட்டிட்டு இருந்தேன். உள்ள வளர்மதி அம்மியில தொவையலு அரைச்சுட்டு இருந்தா, கரண்டு இல்லை. இவன் வந்து, "சோறு"ன்னிருக்கான். "சித்த இருங்க, இதா ஆச்சு"ன்னிருக்கா. அவ்வளவுதானுங்க பேச்சு. கொழவியப் புடுங்கி, அவ கை அம்மி மேல இருக்கையிலயே போட்டான். அவ போட்ட சத்தத்துல காக்கா பறந்துச்சு. நான் ஓடுறதுக்குள்ள மறுக்கா போட்டான், மறுக்கா போட்டான். தொவையலு எது, சதை எதுன்னு தெரியலை. இளமதி அவன் முதுகுல தாவிக் கழுத்தைக் கட்டிக்கிட்டு, "அப்பா, அப்பா"ன்னு கதறுது. ஒரே ஒதறல்ல செவுத்துல போயி அடிச்சு உழுந்துச்சு. துளசிமணி அந்தப் புள்ளை மேல கவுந்து படுத்துக்கிட்டா.

நான், போர் குழிக்குள்ள எறக்குவமே, அந்தக் கேசிங் பைப்புத் துண்டோட உள்ள போனேன். தோளைப் பாத்து ஒண்ணு. கழுத்தெலும்பு முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. உழுந்தான். மொழங்காலுல ரெண்டு. அப்பறமும் அடிச்சேன். அவன் கொழவிய உட்டுட்டான், சுருண்டுட்டான், இருந்தாலும் அடிச்சேன். ஆனா ஒண்ணு கவனிச்சுக்கோங்க, தலையில ஒரு அடி போடலை. தலையில பட்டாப் போயிருவான்னு தெரியும். எடம் பாத்துப் பாத்துத்தான் அடிச்சேன். எனக்கு நிதானம் உண்டுங்க. அவனுக்கும் எனக்கும் அதானே வித்தியாசம்?

அதே கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்குத்தான் ரெண்டு பேரையும் கொண்டு போனோம். வளர்மதியை ஆபரேசனுக்கு உள்ள எடுத்துட்டாங்க. இவனை ஊசி போட்டு, ஸ்ட்ரெச்சர்ல கட்டி, வராந்தாவுலயே வெச்சிருந்தாங்க. இளமதி தலையில கட்டோட துளசிமணி மடியில படுத்திருந்துச்சு. எனக்கு மனசே ஆறலை. துளசிமணிகிட்டச் சொன்னேன்: "என்ன பண்றது? டாக்டரம்மா சொன்னாங்களே, நிறுத்துற எடம் போச்சுன்னு. அவன் மேல தப்பில்லை. வளர்மதிக்கு நீதான் எடுத்துச் சொல்லோணும்."

அவ புள்ளை தலையத் தடவிக்கிட்டே இருந்தா. என்னைய நிமிந்து பாத்தா. கலியாணமான நாள்ல இருந்து என் மூஞ்சியப் பாத்து ஒரு எதிர்க்கேள்வி கேட்டவ இல்லைங்க அவ. அன்னிக்குக் கேட்டா. சத்தமாக்கூட இல்லை, மெல்லக் கேட்டா.

"அவருக்கு ராடு அடிச்சுது. உங்களுக்கு எப்பங்க அடிபட்டுச்சு?"

எனக்கு மொதல்ல புரியலை. "என்ன?"ன்னேன்.

"இல்லைங்க, நெசமாத்தான் கேக்கறேன். உங்களுக்குத் தலையில எப்ப அடிபட்டுச்சு? சின்ன வயசுல எங்கியாச்சும் உழுந்தீங்களா? எங்கிட்ட யாரும் சொல்லலையே?"

ஸ்ட்ரெச்சர்ல கெடந்தவன் முழிச்சுத்தான் இருந்திருக்கான். ரகளை பண்ண ஆரம்பிச்சுட்டான். அதே எழவு ஊட்டுச் சிரிப்பு. "ஆமாண்டா! சொல்றா அர்த்தநாரி! எனக்கு இப்பத்தான்டா அடிபட்டுச்சு, உனக்கு எப்படா?" வராந்தாவுல இருந்த சனம் பூராவும் திரும்பிப் பாக்குது.

எந்த ஆம்பளைதானுங்க பொறுப்பான்? துளசிமணி கன்னத்துல பளார்னு ஒண்ணு உட்டேன். தோடு காதைக் கிழிச்சுக்கிட்டுத் தெறிச்சுது. புள்ளை மூஞ்சியெல்லாம் ரத்தம். ரெண்டாவதுக்குக் கையத் தூக்கறேன், அந்த நேரம் பாத்து டாக்டரம்மா கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய வந்தாங்க. கையக் கீழ போட்டுட்டேன்.

டாக்டரம்மா அவ காதைப் பாத்தாங்க, என் கையப் பாத்தாங்க. "ரெண்டாவது அடி ஏன் விழலை?"ன்னு கேட்டாங்க.

"நீங்க வந்துட்டீங்களேங்க"ன்னேன்.

"அப்ப உங்களுக்கு நிறுத்துற எடம் நல்லாத்தான் வேலை செய்யுது"ன்னாங்க.

பாத்தீங்களா? அத்தனை சனத்து முன்னாடி டாக்டரே சொல்லிட்டாங்க. "அது உங்களுக்குத் தெரியுது, இவளுக்குத் தெரியலையேங்க"ன்னேன். அந்தம்மா நர்ஸம்மாளைக் கூப்புட்டு, துளசிமணியையும் புள்ளையையும் உள்ள கூட்டிப் போவச் சொன்னாங்க. அப்பிடி உள்ள போனவதாங்க. எங்கூட்டுக்குத் திரும்பி வரலை.

டாக்டரம்மா போலீஸுல எழுதிக் குடுத்துட்டாங்க. ஸ்டேசனுக்குக் கூப்புட்டு இன்ஸ்பெக்டரு என்னையப் பேசுன பேச்சு இருக்குதே, எங்கப்பன், ஆத்தா, ஒருத்தரையும் பாக்கி வெக்கலை. ரத்தம் கொதிச்சுதுங்க எனக்கு. ஆனா கையக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். போலீஸ்காரரு மேல கை வெக்க முடியுங்களா? நான் ஒண்ணு பெருமையாவே சொல்லுவேன், வெளிய எங்கியும், தோட்டத்துக்காரன், ஏஜெண்டு, எவன் என்ன பேசுனாலும், இந்த வயசு வரைக்கும் ஒருத்தன் மேல கை ஓங்குனதில்லை. கோவம் வரும், முழுங்கிக்குவேன். ஊட்டுக்கு வந்துதான் எதுன்னாலும்.

தம்பியை அந்த டாக்டரம்மாளே பெருந்துறைக்குப் பக்கத்துல ஒரு விடுதியில சேத்துட்டாங்க. மாத்திரையில கொஞ்சம் அடங்கி இருக்கறான். இந்தப் பொம்பளைக ரெண்டு பேரும் புள்ளையோட அந்த ஊருலயே குடியேறிட்டாங்க. பைபாஸு ஓரத்துல இட்லிக்கடை போட்டிருக்காங்க. ஞாயித்துக்கெழமையானா வளர்மதி தூக்குப்போசியில கொழம்பு எடுத்துக்கிட்டு விடுதிக்குப் போறா. மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவ, நடுவுல விடுதி ஆளு ஒருத்தன் நிப்பானாம். அவன் திங்கறதைப் பாத்துட்டு வந்துருவாளாம். கூட வாழ மாட்டாளாம், ஆனா வெறுக்கவும் மாட்டாளாம். "அவரால நிறுத்த முடியலைங்க"ன்னு ஊரெல்லாம் சொல்றாளாம்.

அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமில்லை. துளசிமணி கேட்ட கேள்வி இருக்குதே, அது காதுக்குள்ளயே கெடந்து கொடையுது. உனக்கு எப்ப அடிபட்டுச்சுன்னா, எனக்கு என்னமோ மூளை கெட்டுப்போச்சுங்கற மாதிரிதானே? ஊருல நாலு பேரு அதைப் பேசுனா நான் தலை நிமிந்து நடக்க முடியுங்களா? சரி, பாத்துருவோம்னு முடிவு பண்ணுனேன். ஈரோட்டுல ஒரு டாக்டருகிட்டத் தீராத தலைவலின்னு சொல்லிச் சீட்டு வாங்கிக்கிட்டு ஸ்கேன் எடுக்கப் போனேன்.

உள்ள படுத்திருக்கீங்களா எப்பவாச்சும்? கொழாய்க்குள்ள போட்டுத் தள்ளிடறாங்க. ரிக்கு ஓடற மாதிரியே சத்தம், தலைக்குள்ளயே போர் போடற மாதிரி. அசையாதீங்கன்னுட்டாங்க. அப்பக் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு நெனச்சனுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ஒரு சின்னக் கறுப்பு இருந்துட்டாத் தேவலைன்னு தோணுச்சு. கொழம்பு எனக்கும் வருமில்லை? "பாவம், அந்த மனுசன் என்ன பண்ணுவாரு"ன்னு அவ எம்பக்கத்துல ஒக்காருவா இல்லை? அடுத்த நிமிசமே, சீச்சீ, வேண்டாஞ் சாமி, நல்ல மூளையாவே இருக்கட்டும்னு அர்த்தநாரீஸ்வரரை வேண்டிக்கிட்டேன்.

சாமி கைவிடலைங்க. டாக்டரு படத்தை ஒண்ணொண்ணாப் பாத்துட்டு, "உங்க வயசுக்கு இது நெம்ப நல்லா இருக்குது. ஒண்ணுமே இல்லை, தைரியமாப் போங்க"ன்னாரு. படத்தைக் கையில வாங்குனப்ப எனக்கு மார்க்கு வாங்குன மாதிரி இருந்துச்சு. தம்பி படத்துல கறுப்பா இருந்த எடம், எம்படத்துல அப்பிடியே வழுவழுன்னு, கொறை சொல்ல முடியாம இருக்குது.

அதை எடுத்துக்கிட்டுத்தான் இன்னைக்குக் காத்தால போனேன். கடையில லாரிக்காரங்க நாலஞ்சு பேரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. வளர்மதி என்னையப் பாத்ததும் உள்ள போயிட்டா. துளசிமணி தோசைக்கல்லுகிட்ட நின்னா. காதுல தையலு போட்ட தடம். "எதுக்கு வந்தீங்க"ன்னா.

"ஸ்கேன் எடுத்தேன்"னேன்.

அவ கையில இருந்த கரண்டி அப்பிடியே நின்னுருச்சுங்க. மூஞ்சி மாறுச்சு. நான் என்னைக்கும் பாக்காத மூஞ்சி. அடுப்பை அணைச்சுப்போட்டு, கையத் தொடைச்சுக்கிட்டு ஓடி வந்தா. "எதுக்கு எடுத்தீங்க? தலையில என்னாச்சு? டாக்டரு என்ன சொன்னாரு?"ன்னு கேக்கறா. எத்தனையோ வருசத்துக்கு அப்பறம் அப்பிடிப் பாசமாக் கேட்டா. படத்தை வாங்கி வெளிய வெயிலுக்கு நேராத் தூக்கிப் புடிச்சா. நெத்தி எடத்துல வெரலை வெச்சு, "இங்கீங்களா? இதுங்களா?"ன்னு கேட்டா.

"அங்க ஒண்ணுமில்லை"ன்னேன்.

"இது என்னமோ கறுப்பா இருக்குதுங்களே?"

"அது எல்லாருக்கும் இருக்கறதாம். நடுவுல தண்ணி இருக்கற எடமாம்."

"நல்லாப் பாத்தாங்களா? சின்னதா... ஒரு பொட்டாட்டங்கூட இல்லீங்களா?"

"இல்லவே இல்லை"ன்னேன். "சுத்தமா இருக்குது. டாக்டரே சொல்லிட்டாரு. எனக்கு எப்பவும் அடிபடலை, பொறந்ததுல இருந்தே நல்லாத்தான் இருக்குது. நீ அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி கேட்ட பாரு, அதுக்குப் பதிலு இதுதான். இப்பவாச்சும் ஒத்துக்கோ."

படத்தை மெல்லக் கீழ எறக்குனா. என்னையவே பாத்தா. "அப்ப, அத்தனையும் நீங்கதானுங்களா?"ன்னா.

"பொறவு வேற யாரு?"ன்னேன். அவ கேட்டது என்ன கேள்வின்னே எனக்கு வெளங்கலை.

அப்பிடியே தரையில ஒக்காந்துட்டா. படத்தை மடியில போட்டுக்கிட்டு அழுவறா. மொதல்ல சந்தோசத்துலதான் அழுவறான்னு நெனச்சேன், புருசனுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா எந்தப் பொம்பளைக்கும் சந்தோசம்தானே. ஆனா அது அந்த மாதிரி அழுவையில்லைங்க. எழவு ஊட்டுல, பொணத்தை எடுக்கறப்ப அழுவாங்களே, அது. வளர்மதி ஓடி வந்து அந்தக் கையால அவளைக் கட்டிப் புடிச்சுத் தூக்கி உள்ள கூட்டிட்டுப் போயிக் கதவைச் சாத்திட்டா. படமும் அவகூடவே போயிருச்சு. லாரிக்காரங்க திங்கறதை உட்டுட்டு என்னையப் பாக்கறாங்க.

எனக்கு என்ன கோவம் வந்துச்சுன்னா, கதவை ஒதைச்சுத் தொறந்துருக்கலாம். ஆனா அத்தனை பேரு பாத்துக்கிட்டு இருக்காங்களேன்னு, கையைப் பையில போட்டுக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இன்னைக்குத்தான் நான் கையே ஓங்கலையே. அவ எதுக்குங்க அழுதா?